ஜன்னலோரக் கட்டில்

சூளைமேடு, சென்னை
9.2.2025

அன்புள்ள செல்வி மதினிக்கு,

ரோஜா எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவுக்கு முதுகுவலி குறைந்ததா? லோடு தூக்குகிற அண்ணன் இப்படிப் படுத்துக் கிடக்கிறாரே என்று அம்மா விருதுநகரில் இருந்து தினமும் போன் போட்டுப் புலம்புகிறாள்.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்காதே. கையில்லாத ஜாக்கெட் போட்டு நான் ஆடிய வீடியோவைப் பார்த்து மாமா என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். உனக்குத் தனியாகப் போன் கிடையாது. அதனால்தான் உன் பட்டாசு கம்பெனி அட்ரசுக்குத் தபால்.

சுகிர்தா அக்காவின் தையல் கடையில் இப்போது என்னை கட்டிங் டேபிளுக்கு ஏற்றிவிட்டார்கள். கல்யாணப் பெண்களுக்கு ரவிக்கை, பார்ட்டிக்குக் கவுன் என்று தினமும் ஒரு புது டிசைன். மிச்சத் துணியில் எனக்கே ஒரு மஞ்சள் கவுன் தைத்தேன், போட்டோ வைத்திருக்கிறேன் பார். போன ஞாயிற்றுக்கிழமை மாட்சா என்று ஒரு டீ குடித்தேன். பச்சையாக இருக்கிறது, புல் வாசம் அடிக்கிறது. முதல் வாய்க்குக் குமட்டியது, மூன்றாவது வாய்க்குப் பிடித்துவிட்டது. அப்புறம் பெசன்ட் நகர் கடற்கரையில் பறையும் கிட்டாரும் சேர்த்து நாலு பையன்கள் வாசித்தார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடினேன். ஒரு செருப்பைக் காணோம்.

முக்கியமான விஷயம். எங்கள் அறையில் மூன்று கட்டில். ஒன்று எனக்கு, ஒன்று நர்ஸ் முருகம்மாள் அக்காவுக்கு. அந்த அக்கா டியூட்டி இல்லாத நேரமெல்லாம் தூங்கும். ஜன்னலோரக் கட்டில் காலி. அது உனக்கு. உன் தையல் எப்படியிருக்கும் என்று சுகிர்தா அக்காவிடம் சொல்லி வைத்துவிட்டேன், வரச் சொல் என்கிறார். மாமாவை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும். அது அம்மா பொறுப்பு.

சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இரு.

உன் ரோஜா


விஸ்வநத்தம்
2.3.2025

அன்புள்ள ரோஜாவுக்கு,

மாரிசெல்வி எழுதிக்கொண்டது. எல்லோரும் சுகம். அப்பா வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். பெல்ட் கட்டிக்கொண்டு லோடு ஏற்றுகிறார்.

உன் கடிதத்தை சூப்பர்வைசர் கண்ணுச்சாமி அண்ணன் பேக்கிங் ஷெட்டுக்கே கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் நீட்டினார். "ஏத்தா செல்வி, இந்தக் காலத்துலயும் ஒனக்கு லெட்டர் போட ஆள் இருக்கா?" என்றார். போட்டோ கைமாறிக் கைமாறிப் போனது. "இம்புட்டு அழகா இருக்காளே, ஒனக்குச் சொந்தமா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்ட விதம் எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது.

நீ கவுன் போடுகிறாய். எங்கள் கேட்டில் பருத்தியைத் தவிர எது உடுத்திப் போனாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நைலான் உரசினால் பொறி வருமாம். கொலுசு, வளையல், ஹேர்பின் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு மொட்டையாக உள்ளே போகணும். என்னிடம் இருப்பது நாலு பருத்திச் சுடிதார். நாலும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. இசைக்கும் குறைவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் நாள் முழுக்க மூக்கை உறிஞ்சுகிறாள்.

மஞ்சள் உனக்கு எடுப்பாக இருக்கிறது. ஆனால் இடுப்பு தொளதொளவென்று நிற்கிறது. நான் வெட்டியிருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டேன்.

நிஜமாகவா அந்தக் கட்டில் எனக்கு? ஜன்னலில் இருந்து என்ன தெரியும்? அதை எழுது. யாருக்கும் கொடுத்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். புல் டீயைக் குறை.

மாரிசெல்வி


சூளைமேடு
30.3.2025

அன்புள்ள மதினிக்கு,

நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருப்பாய். உட்கார்ந்து படி. மாமா ஒத்துக்கொண்டார்.

அம்மா மிளகாய் மண்டியில் லீவு போட்டுவிட்டு விஸ்வநத்தத்துக்குப் போய் அழுது மூக்கைச் சிந்தினாளாம். கூடப்பிறந்தவள் அழுதால் மாமா தாங்குவாரா? "இந்த சீசன் முடியட்டும். தீபாவளி கழிச்சு அனுப்புதேன். ஆனா வீடியோல ஆடுறது, போட்டோ போடுறது எல்லாம் ஆவாது" என்று சொன்னாராம். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். இப்போது என்னிடமிருந்து தெரிந்துகொள்.

ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்டாய். ஒரு பிரியாணிக் கடையின் பின்பக்கம், ஒரு வேப்பமரத்தில் பாதி, எதிர் மாடியில் கீபோர்டு பழகுகிற ஒரு தாத்தா. அவருக்கு ஒரே பாட்டுதான் தெரியும். அதையும் நடுவில் விட்டுவிடுவார், மிச்சத்தை நான் பாடி முடிப்பேன்.

நீ வந்ததும் முதலில் அத்தோ வாங்கித் தருவேன், பர்மா நூடுல்ஸ். வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், வாழைத்தண்டு சூப். உன் நாக்குக்குப் பிடிக்கும், காரமாக இருக்கும். அப்புறம் உனக்கு முடி வெட்டணும். வேண்டாம் என்று சொல்லாதே, தோள் வரைக்கும்தான். உன் கழுத்துக்கு எந்த மாதிரி காலர் எடுக்கும் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன்.

தீபாவளி சீக்கிரம் வரட்டும்.

உன் ரோஜா


விஸ்வநத்தம்
27.4.2025

அன்புள்ள ரோஜாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி சுகம்.

அப்பாவிடம் ஒன்றும் தெரியாதவள் மாதிரிதான் இருக்கிறேன். அவரும் ஒன்றும் சொல்லாதவர் மாதிரி இருக்கிறார். நேற்று மட்டும், "சென்னையில தண்ணி உப்பா இருக்குமாம்லா" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். நான் அடுப்பங்கரைக்குப் போய்ச் சிரித்தேன்.

பழைய பேப்பரில் காலர் வெட்டிப் பழகுகிறேன். உனக்கு ஒரு நீல ரவிக்கை தைத்திருக்கிறேன். முதுகில் நான் போட்டிருக்கும் முடிச்சு வேலை உன் சுகிர்தா அக்காவுக்கே வராது, காட்டிப் பார். அதோடு சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோவும் ஆம்னி பஸ் பார்சலில் போட்டுவிட்டேன். சேவை மொத்தமாகத் தின்று தீர்க்காதே, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. அதைக் கொறிக்கும்போதெல்லாம் என்னை நினைக்கணும்.

கட்டிலுக்கு விரிப்பு இருக்கிறதா, நான் கொண்டு வரணுமா?

மாரிசெல்வி


சூளைமேடு
18.5.2025

அன்புள்ள மதினிக்கு,

நலம்தானே? நானும். பார்சல் பிரிக்கும்போதே அறை முழுக்க நம்ம ஊர் வாசம்.

இங்கே ஒரு புதுக் கூட்டாளி கிடைத்திருக்கிறாள். சினேகா, கோயம்புத்தூர்க்காரி, கல்யாண மேக்கப் பழகுகிறாள். முடிக்குச் சிவப்பு அடித்திருக்கிறாள், அவளுக்கு அது அவ்வளவு எடுக்கிறது. ஜன்னலோரக் கட்டிலில்தான் இருக்கிறாள். பயப்படாதே, தீபாவளி வரைக்கும்தான். பிறகு பெங்களூரில் வேலைக்குச் சேர்கிறாள். கட்டில் சும்மா கிடந்தால் வீட்டுக்காரம்மா வேறு யாரையாவது நிரந்தரமாகப் போட்டுவிடும், அதற்கு இது மேல்.

சினேகாவும் நானும் சேர்ந்தால் ஊரே தாங்காது. கொரியன் நூடுல்ஸ் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வந்து நடுரோட்டில் நின்று சிரித்தோம். உன் சேவை ஒரே உட்காரலில் காலி பண்ணிவிட்டாள், எனக்கு அடித்தூள்தான் மிச்சம். நீல ரவிக்கை எனக்குத் தோளில் கொஞ்சம் இறுக்கம். சினேகா போட்டுப் பார்த்தாள், அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. போன சனிக்கிழமை கச்சேரிக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். முடிச்சு வேலையைப் பார்த்துவிட்டு நாலு பேர் எங்கே தைத்தது என்று கேட்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அவளுக்கும் உன்னைப் பார்க்கணுமாம்.

உன் ரோஜா


விஸ்வநத்தம்
29.6.2025

ரோஜாவுக்கு,

சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதே. சீசன் ஆர்டர் நெருக்குகிறது, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

ரவிக்கை உன் அளவுக்குத்தான் தைத்தேன். போன பொங்கலுக்கு நானே உன் தோளை அளந்தேன். நீ சதை போட்டிருக்கலாம்.

ஒரு சேதி. எங்கள் கம்பெனியில் இந்த வருஷம் புதிதாக ஒரு சரவெடி போடுகிறார்கள். லேபிளுக்குப் பெண் முகம் வேண்டும், பாம்பே மாடல் படம் வேண்டாம், நம்ம பக்கத்துப் பெண்ணாக இருந்தால் நல்லது என்றார் மேனேஜர். சிவகாசி பிரஸ்ஸில் டிசைன் பண்ணுகிற முனியராஜ் அண்ணன் ஷெட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். என் பையில் உன் மஞ்சள் கவுன் போட்டோ இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். உனக்குச் சம்மதம்தான் என்று நானே சொல்லிவிட்டேன். நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும். "இந்த முகத்தைப் புஸ்வாணத்துக்கு வைக்கலாம், பாவம் வெடிச்சா கிழிஞ்சிரும்லா" என்றார் முனியராஜ் அண்ணன். சரவெடிக்கே இருக்கட்டும் என்றேன்.

லேபிள் அச்சாகி வந்துவிட்டது. விடிந்தால் அடைந்தால் உன் முகத்தின் பின்னால் பசை தடவி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பார்த்துப் பார்த்து உன் மூக்கு லேசாகக் கோணல் என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

வேலை கிடக்கிறது.

மாரிசெல்வி


சூளைமேடு
13.7.2025

என் தங்க மதினிக்கு,

சுகமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் கத்தியே விட்டேன். கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார் சுகிர்தா அக்கா.

நான் சரவெடிப் பாக்கெட்டில் வருகிறேன். வேறு யாருக்கு இப்படி ஒரு மதினி கிடைப்பாள்? உடனே எனக்குப் பத்து லேபிள் தபாலில் அனுப்பு, வெடி வேண்டாம், காகிதம் போதும். சினேகா ஒன்றைத் தன் பெட்டியில் ஒட்டப் போகிறாளாம். கிழிந்து தெருவில் கிடப்பதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, ஊரே என்னை வெடிக்கட்டும். மூக்கு கோணல்தான், அம்மா வழி. உனக்கும் அதே கோணல்தான், கண்ணாடியில் பார்.

ஒன்று மட்டும், மதினி. மாமா காதுக்கு இது போகக் கூடாது. தீபாவளி முடிந்து நீ இங்கே வந்து சேருகிற வரைக்கும் போகவே கூடாது. போட்டோ விஷயத்தில் அவர் எப்படி என்று உனக்குத் தெரியும். அவர் லோடு ஏற்றுகிற குடோன் வேறு கம்பெனி, அங்கே உங்கள் சரக்கு வராது. நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

உனக்கு மஞ்சளிலேயே ஒரு காலர் வைத்த சுடிதார் வெட்டி வைத்திருக்கிறேன். பருத்திதான்.

உன் ரோஜா


விஸ்வநத்தம்
24.8.2025

அன்புள்ள ரோஜாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

எப்படியோ அந்தப் பாக்கெட் அப்பா கண்ணில் பட்டுவிட்டது. யார் காட்டினார்களோ தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெருப்பு வைக்கிற சாமானில் சாமி படம் போட்டாலே கம்பெனிக்காரனோடு சண்டைக்குப் போகிற மனுஷன்.

உன்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டுவார், அத்தையிடம் சத்தம் போடுவார், அதோடு முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். உன்னை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "அவ எந்தங்கச்சி பிள்ள, அவ அம்மை பாத்துக்கிடுவா. என் வீட்டுப் பிள்ள மூஞ்சி நாளைக்கு இந்த மாதிரி தெருவுல கிழிஞ்சு கெடக்கக் கூடாது. நீ சென்னைக்குப் போவேண்டாம் தாயி" என்றார். சத்தம் போடவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் மறுபடி கேட்டிருப்பேன்.

சுகிர்தா அக்காவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. அத்தையை ஒரு தடவை வந்து பேசச் சொல்கிறாயா? நீ கேட்ட லேபிள் இதில் வைத்திருக்கிறேன்.

மாரிசெல்வி


சூளைமேடு
26.10.2025

செல்வி மதினிக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலம் என்று அம்மா சொன்னாள்.

தீபாவளிக்கு விருதுநகர் வந்திருந்தேன். விஸ்வநத்தத்துக்கு வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் கிடைத்தது.

அம்மா என் பாக்கெட்டை மண்டியில் எல்லோருக்கும் காட்டி முடித்துவிட்டாள். எங்கள் தெருவில் பையன்கள் அதைத்தான் வெடித்தார்கள். காலையில் வாசல் பெருக்கும்போது காகிதத்தில் என் கண் தனியாக, வாய் தனியாகக் கிடந்தது. சிரித்துக்கொண்டேதான் கூட்டி அள்ளினேன். அப்போது மாமா சேலை, இனிப்போடு அம்மாவைப் பார்க்க வந்தார். ரொம்ப நாள் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அம்மா நீ கேட்டபடி அழுது பார்த்தாள், மாமா அசையவில்லை. உங்களுக்கு யார் காட்டினார்கள் என்று நான் கேட்டேன். "வேற யாரு, செல்விதான். டீ கிளாசோட சேத்துக் கொண்டாந்து வச்சா. ஒங்க மருமகளப் பாருங்கன்னு சொன்னா" என்றார்.

அவர் பொய் சொல்ல மாட்டார். நீ எழுதியிருந்ததை எடுத்து மறுபடி படித்தேன். யார் காட்டினார்களோ தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

சரவெடிக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அதை எதற்காகக் கொடுத்தாய் என்று இப்போது புரிகிறது, அப்போதும் வருத்தமில்லை. ஆனால் மாமாவிடம் காட்டினால் உன் பயணமே நின்றுபோகும் என்று உனக்குத் தோன்றவில்லையா? ஏன் மதினி?

சினேகா சொன்னபடி கிளம்பிவிட்டாள். கட்டில் காலி.

ரோஜா


விஸ்வநத்தம்
9.11.2025

அன்புள்ள ரோஜாவுக்கு,

நீ சுகமாக இரு. நான் இருக்கிறேன்.

ஏன் என்று கேட்டாய். வயிற்றெரிச்சல், வேறென்ன. நீ ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு புதுச் சாப்பாடு, ஒரு புதுப் பாட்டு, ஒரு புது உடுப்பு என்று எழுதும்போதெல்லாம் எரிந்தது. ஆனால் அதைத் தாங்கிக்கொண்டேன், தீபாவளி கழித்து எனக்கும் அதெல்லாம் வரும் என்று இருந்தேன். உனக்காக ராத்திரி கண்ணைக் கெடுத்துத் தைத்த ரவிக்கையை இன்னொருத்தி போட்டுக்கொண்டு கச்சேரிக்கு வந்தாள் என்று எழுதினாயே, அதில்தான் ஆடிப்போனேன். அவள் என் கட்டிலில் படுத்துக்கொண்டு என் சேவைத் தின்கிறாள் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. உன்னை அங்கிருந்து கிளப்பி இங்கே கொண்டுவரணும் என்று இருந்தது. அப்பா பார்த்தால் உன்னைத் திரும்பி வரச் சொல்லுவார் என்று கணக்குப் போட்டேன். என்னை நிறுத்துவார் என்று போடத் தெரியவில்லை.

போன வாரம் அப்பாவிடம் நான்தான் போட்டோவைக் கம்பெனிக்குக் கொடுத்தேன், ரோஜாவுக்குத் தெரியாது என்று சொன்னேன். "அப்பம் நீ இன்னும் மோசம்லா" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

இப்போதும் நான் திருந்தினவள் இல்லை, ரோஜா. அந்தக் கட்டிலில் யாரையும் படுக்க விடாதே. வீட்டுக்காரம்மாவிடம் என்ன பொய் வேண்டுமானாலும் சொல். பங்குனிப் பொங்கல் வரைக்கும் பொறு, அதற்குள் அப்பா மனசை எப்படியாவது மாற்றிவிடுவேன். மாறாவிட்டாலும் அது எனக்கென்று கிடக்கட்டும். இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று மட்டும் எழுதிவிடாதே.

அத்தோ எப்படி இருக்கும், அந்தத் தாத்தா பாட்டை முடித்தாரா, எல்லாம் எழுது. எரிந்தாலும் படிப்பேன்.

உன் செல்வி


சூளைமேடு
23.11.2025

அன்புள்ள மதினிக்கு,

நான் சுகம். நீயும் மாமாவும் சுகமா? மழைக்காலம், மாமாவை நனைந்துகொண்டு லோடு ஏற்ற வேண்டாம் என்று சொல்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. புதன்கிழமையே கட்டிலுக்கு ஆள் வந்துவிட்டது. சாத்தூர் பக்கம், அச்சங்குளத்துப் பெண். அவளும் பேக்கிங் ஷெட்டில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள்தான். அவள் அப்பாவே கூட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்காரம்மாவிடம் கும்பிடு போட்டுவிட்டு, விட்டுப் போனார். சுகிர்தா அக்கா உனக்கென்று வைத்திருந்த வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டார். நன்றாகத் தைக்கிறாள்.

அவள் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அவளையும் நீ வெறுப்பாய்.

சாப்பாடு, பாட்டு, உடுப்பெல்லாம் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி நினைத்துத்தான் எழுதினேன் மதினி. எது உனக்கு எரியும், எது எரியாது என்று பிரித்துப் பார்த்து எழுத எனக்குத் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ரோஜா